சிவப்புப் பொத்தான்

"அந்த ஆளு நேத்தும் வந்துட்டுப் போயிட்டான் பானு," என்றான் உடன் வேலை பார்க்கும் ஆன்டோ, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பானுப்பிரியா தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

உச்சிப்புளியில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தைப் புதிதாக மாற்றியமைத்தவள் அவள்தான். கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிறுவனம். குழந்தைகளுக்குக் குறைவில்லை, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. பழைய தளம் முழுக்க இங்கிலீஷ். வேலைக்கு வரக்கூடிய பெண்களோ தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள்.

அதனால் வேலைவாய்ப்புப் பக்கத்தில் பானு இரண்டே பொத்தான்கள் வைத்தாள். சிவப்பைத் தொட்டால் வேலையைப் பற்றிப் பேசும். பச்சையைத் தொட்டால் அலுவலகத்துக்குப் போன் வரும்.

பேசும் குரல் அவளுடையது. சாமான் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தாள். "நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றுதான் அது தொடங்கும்.

நிர்வாகி லீமாரோஸ் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, வேலைக்கு ஆள் எடுக்குறியா, விருந்துக்குக் கூப்பிடுறியா?" என்றார். ஆனாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நல்லதாகப் போயிற்று. பச்சையைத் தொட்டுப் பேசிய பெண்களில் சிலர் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள்.

சிக்கல் அந்த ஒரே ஒரு போனால்தான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது தளத்துக்குள் வருவது கணினியில் தெரியும். சிவப்பைத் தொடும். பேசி முடித்ததும் மறுபடி தொடும். பச்சைப் பக்கம் போகவே போகாது. எந்த ஊர் என்று பார்த்தால் மதுரை என்று காட்டியது. இந்தப் பக்கத்துப் போன்கள் எல்லாவற்றையும் அது மதுரை என்றுதான் காட்டும்.

யாரோ பாவம், பச்சை கண்ணில் படாமல் தவிக்கிறார்கள் என்றுதான் பானு முதலில் நினைத்தாள். அதைப் பெரிதாக்கினாள். மேலே ஏற்றி வைத்தாள். அப்போதும் சிவப்புதான்.

"வேலை வேணும்ங்கிறவன் ஒரு தடவை கேப்பான்," என்றான் ஆன்டோ. "இவனுக்கு வேலை வேணாம். பொம்பளப் புள்ள குரல்தான் வேணும்."

லீமாரோஸின் முகம் மாறிவிட்டது. "இன்னைக்குக் குரலைக் கேப்பான், நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான். உன் பேச்சை எடுத்துரு பானு. ஆன்டோ பேசட்டும்."

சரி என்று தலையாட்டினாலும் பானுவுக்கு மனசு ஆறவில்லை. ஊர் பேர் தெரியாத எவனோ அவள் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கேட்க வேண்டிய ஆள் கேட்க மாட்டேன் என்கிறார்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமம் அவளுடையது. அய்யா நாகநாதனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடும்பத்திலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்த மகள், சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் அவள் இந்த வேலைக்கு வந்துவிட்டாள்.

"அப்ப அங்கனயே இருந்துக்க. எனக்குப் போன் போடாத," என்றார். சொன்ன சொல்லில் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா சோணையம்மாளிடம் பேசும்போது, அய்யா இருக்காகளா என்று பானு கேட்பாள். இங்கனதான் இருக்காக என்பாள் அம்மா. கொடும்மா என்றதும் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கும். அப்புறம் கதவு சாத்தும் சத்தம்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாகத்தா."

அந்த ஒரு செருமலுக்காகவே அவள் அடுத்த ஞாயிறுக்குக் காத்திருப்பாள்.

தளம் தயாரானதும், வீட்டில் விட்டுவந்த தன் பழைய போனுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பியும் பார்த்தாள். சிவப்பைத் தொட்டால் நான் பேசுவேன் என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்கு அதெல்லாம் தொறக்கத் தெரியாதுத்தா என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஆன்டோவின் குரல் ஏறிய அன்று அந்தப் போன் வழக்கம்போல் வந்தது. ஒரே ஒரு தடவை சிவப்பைத் தொட்டது. மறுநாளும் அப்படியே. அப்புறம் வரவே இல்லை.

"பாத்தியா, என் குரலைக் கேட்டதும் தலை தெறிக்க ஓடிட்டான்," என்று ஆன்டோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அலுவலகப் போன் அடித்தது. பானு விவரம் குறித்துக்கொள்ளட்டும் என்று ஆன்டோ அதை ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க, வேலை விஷயமாவா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

பானுவின் கையில் பேனா அப்படியே நின்றது.

"வேலைக்கு இல்ல தம்பி. அந்தச் செகப்பத் தொட்டா, நல்லா இருக்கீகளா, சாப்பிட்டீகளான்னு ஒரு புள்ள கேக்கும். இப்பத் தொட்டா எவனோ ஒரு பய பேசுறான்."

ஆன்டோ திரும்பிப் பானுவைப் பார்த்தான்.

"அது எம் மக. அதுக்கு உடம்பு கிடம்பு சொகமில்லையா தம்பி?"

ஆன்டோ போன் பக்கம் குனிந்தான். "நல்லா... நல்லா இருக்காங்க அய்யா. இங்கதான் இருக்காங்க."

மறுபடியும் அந்தச் செருமல்.

"அப்பச் சரி. நான் கேட்டேன்னு மட்டும் அதுகிட்டச் சொல்லிறாதீக."