நாற்பது நிமிடம் முன்னதாக

இருக்கைத் திரையில் குட்டி விமானம் கடலைக் கடந்துகொண்டிருந்தது. சென்னைக்கு இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர்.

"லீவுக்கா போறீங்க?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்.

"அப்பாவப் பாக்க," என்றான் இளம்பரிதி. பொய்யில்லை. வீட்டுக் கூடத்தில் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மூத்த மகனுக்காகக் காத்திருந்தார்கள். விமானம் ஏறும்போது தம்பி போனில் சொன்னான்: "நீங்க வந்ததும் எடுத்துடலாம்ணே."

காற்று சாதகமாக இருப்பதால் நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுவோம் என்று விமானி அறிவித்தார். உட்கார்ந்தே அலுத்துப்போயிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அப்பாவுக்கு சந்தோஷமா இருக்கும்ல?" என்றாள் அவள்.

அவன் திரையிலிருந்த குட்டி விமானத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, அது நகர்ந்துவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டான்.