குளத்தங்கரையில் டெரிக்

"குளத்தங்கரையில உட்கார்ந்திருக்கேன்" என்றார் டெரிக் போனில். "வாத்துங்க வந்திருக்கு மேவிஸ். நம்ம குளம்."

எந்தக் குளம் என்று மேவிஸ் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அந்த மனுஷன் என்றைக்குத்தான் ஒழுங்காக சார்ஜ் போட்டிருக்கிறார்.

ஹார்ல்மியர் என்ற ஊர்ப்பெயரிலேயே குளம் உண்டு, 'மியர்' என்றால் குளம்தான்; ஊரில்தான் இல்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதிலேயே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஆலைச் சந்தில் ஆலை கிடையாது. பழத்தோட்டத் தெருவில் ஆப்பிள் வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். லண்டன் வளர்ந்து வந்து ஊரை விழுங்கி ஏப்பமும் விட்டாயிற்று. ஆனாலும் பழைய ஆட்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் "கிராமத்துக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். காலையில் டெரிக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். வாரக்கணக்கில் பெய்த மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது.

போயும் போயும் இன்றைக்கா இது நடக்க வேண்டும்? நாளைக்கு டெரிக்கை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டர். மகன் ஸ்டூவர்ட் பிடிவாதமாக ஏற்பாடு செய்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் போதும், வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான். பெற்றவர்கள்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பிரெண்டா, டெரிக் போயிட்டார்."

பிரெண்டா டீக் கோப்பையோடு அப்படியே நின்றாள். "அடக் கடவுளே. எப்போ?"

"காலையில. கிராமத்துக்கு."

"ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சு. அதுக்கென்ன இப்போ?"

"மூடின குளத்தங்கரையில உட்கார்ந்து வாத்து பார்க்கிறாராம். போன் பண்ணிச் சொல்றார். முத்திப் போச்சு பிரெண்டா."

"டெரிக்கா அப்படிச் சொன்னார்?"

"பின்ன, நானா?"

பிரெண்டா செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள். "உங்க கார்லயே போயிடலாமா? எங்களோடதை வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

"எங்க கார் வாசல்ல இல்லையே. டெரிக்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் கார் ஓட்டறதே இல்லையே?"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல" என்றாள் மேவிஸ். நிஜமாகவே புரியவில்லை.

நடந்தார்கள்.

"அந்தக் குளம் எங்க இருந்தது மேவிஸ்? நாங்க வந்தப்பவே அதெல்லாம் இல்ல."

"சர்ச்சுக்கு எதிர்ல. இல்ல, இரு. ஆலைச் சந்து முனையில." மேவிஸ் இடது பக்கம் திரும்பினாள். அப்புறம் வலது பக்கம். சற்று முன் பார்த்த அதே சிவப்புத் தபால் பெட்டி மறுபடி எதிரில் வந்து நின்றது. "எல்லாத்தையும் இடிச்சு மாத்தித் தொலைச்சிட்டா மனுஷன் எப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறது? பாவம் டெரிக். எந்தச் சந்துல திண்டாடறாரோ."

"இந்தப் பக்கம் வாங்க" என்று பிரெண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர் மார்க்கெட் பக்கம் ஏதோ கூட்டமா இருக்கு."

அங்கே போனார்கள்.

சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தண்ணீர். வாரக்கணக்கில் பெய்த மழைநீரெல்லாம் வடிய வழியில்லாமல், தன் பழைய பள்ளத்தைத் தேடி வந்து நிரம்பியிருந்தது. 'கட்டணம் செலுத்தவும்' என்ற பலகையைச் சுற்றி வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீரோரம், சாமான் தள்ளுவண்டிகள் நிறுத்தும் கொட்டகையில், கவிழ்த்த பழப்பெட்டிமேல் உட்கார்ந்து டெரிக் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு வந்த?" என்றார். "நானே வந்திருப்பேனே."

மேவிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நிஜமாவே குளம் இருக்கு. நான் என்னென்னமோ நினைச்சிட்டேன். உனக்கு ஒண்ணுமே இல்ல டெரிக், நல்லாத்தான் இருக்க. நாளைக்கு டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஸ்டூவர்ட்டுக்கு நான் சொல்லிடறேன்."

டெரிக் வாத்துகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வாத்துகளுக்குப் பின்னால், கதவுவரை தண்ணீரில் அவர்களுடைய நீலக் கார் நின்றது.

"பாரேன், காரைக் கொண்டுவந்து எங்க விட்டிருக்க" என்றாள். "சரி, சாவியைக் கொடு."

"உன் கோட்டுப் பையில பாரு."

மேவிஸ் பைக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது.

"நேத்து சாமான் வாங்க வந்த. காரை இங்கேயே விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வந்துட்ட" என்றார் டெரிக் மெல்ல. "ஸ்டூவர்ட் காதுக்குப் போறதுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம்னுதான் தேடி வந்தேன்."

பிரெண்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டெரிக் மீதி ரொட்டியை மேவிஸின் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட போயிடுவோம்மா. எனக்குன்னு சொன்னாத்தானே நீ கூட வருவேன்னு அப்படிச் சொன்னேன்."