மேடைக்குப் பின்னால் கருகிய புல்

குளத்துப் பஞ்சாயத்துக்குப் புதிதாக ஜெயித்தவர்கள் அன்று பதவியேற்றார்கள். கொக்கு உறுதிமொழியை வாசிக்கும். ஒவ்வொருவரும் "இந்தக் குளத்தைக் காப்பேன்" என்று திருப்பிச் சொல்லி, அந்தக் குளத்துத் தண்ணீரை எல்லார் முன்னாலும் ஒரு வாய் குடிக்க வேண்டும். அதுதான் அங்கே முறை.

முதல்தடவையாக ஜெயித்த அணிலுக்குக் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கரையெல்லாம் புல் பச்சைப்பசேலென்று இருக்க, மேடைக்குப் பின்னால் மட்டும் வட்டமாகக் கருகிக் கிடந்தது.

"அங்க மட்டும் ஏண்ணே புல் கருகியிருக்கு?" என்று பக்கத்தில் நின்ற ஆட்டைக் கேட்டது.

மூன்றாவது தடவையாக ஜெயித்திருந்த ஆடு, "வந்ததும் வராததுமா கேள்வி கேக்காத. மாலை கசங்காம நில்லு," என்றது.

ஆடு உறுதிமொழி சொல்லி ஒரு வாய்த் தண்ணீரை உறிஞ்சியது. உப்பிய கன்னத்தோடு மேடைக்குப் பின்னால் போனது. அடுத்து வாத்தும் அப்படியே போனது. கடைசியாக அணில் ஒரு வாய் உறிஞ்சியது. வேப்பங்காயைக் கடித்த மாதிரி கசந்தது. வாயைத் திறக்க முடியாமல் அதுவும் பின்னால் ஓடியது.

"வா தம்பி, இங்க துப்பிக்கோ," என்று ஆடு கருகிய புல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

அணில் தரையைப் பார்த்தது. ஆட்டைப் பார்த்தது. பிறகு கண்ணை இறுக்கி மூடி விழுங்கிவிட்டு மேடைக்குத் திரும்பி ஓடியது.

"தண்ணி கசக்குது," என்றது மூச்சிரைக்க.

"தெரியும்ப்பா," என்றது முன்வரிசையில் இருந்த எருமை. "தினமும் நாங்க அதைத்தானே குடிக்கிறோம். உங்கள்ல யாராவது முழுங்குவீங்களான்னு பாக்கத்தான் ஒவ்வொரு தடவையும் வந்து உக்காந்திருக்கோம்."