சிக்கிய தோட்டா

சுட்டுப் பழக எந்திரம் வீசிய முதல் களிமண் தட்டு வானத்திலேயே தூளானது. மெர்ல் அடுத்ததைச் சுட, துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினான். காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தட்டு சோளக்கொல்லையில் முழுசாகப் போய் விழுந்தது.

நண்பன் டுவேன் தட்டைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது மெர்லுக்கு உறுத்தியது.

“துப்பாக்கிய யார் தொட்டது?”

“நான்தான் துடைச்சு வச்சேன்” என்றாள் மனைவி லோரீன்.

“துடைச்சியா, எதையாவது கழட்டினியா? நான் இங்க வர்றதே உனக்குப் பிடிக்கல. இவன்கூட வேற என்ன குசுகுசுப்பு?”

மெர்ல் எண்ணெய் விட்டான், வேறு தோட்டா போட்டான். மறுபடியும் சிக்கியது.

டுவேன் துப்பாக்கியை வாங்கி, அடுத்துப் பறந்த இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்து உடைத்தான்.

“நீ சுட்டா மட்டும் வேலை செய்யுதா? என்னடா பண்ணி வச்சீங்க ரெண்டு பேரும்?”

டுவேன் லோரீனைப் பார்த்தான். சொல்லிவிடு என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

“துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு மெர்ல். உன் இடது கைதான் முழுசா பின்னால வரல. லோரீன்தான் கவனிக்கச் சொன்னா.”

“சட்டைப் பட்டன் போடவே திணறுற. கேட்டா எரிஞ்சு விழற” என்றாள் அவள். “ஒமாஹாவுல டாக்டரைப் பாத்துடலாம், வா.”

மெர்ல் காலித் துப்பாக்கியை வாங்கி, மெதுவாக இழுத்தான். முழுசாக இழுத்துவிட்டதாகவே தோன்றியது. குனிந்து பார்த்தான். கை பாதியிலேயே நின்றிருந்தது.

வண்டிச் சாவியை எடுத்து லோரீனிடம் நீட்டினான்.

“நீயே ஓட்டு.”