இடது கையில் எடுத்த ஜாங்கிரி

சவரிமுத்து சொன்ன கதையை ராசாங்கம் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதும் அவனுக்கு வசதியாக இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்குழம்பு ஊற்றி, அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எழுபத்தெட்டில் அரியலூர் பார்சல் கம்பெனி ஒன்று முதன்முதலாக டிரெய்லர் லாரி வாங்கியது. ராசாங்கம் அங்கே சின்ன லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சின்ன லாரிகளை விற்கப்போகிறேன், டிரெய்லர் பழகினால் ஸ்டியரிங், பழகாவிட்டால் மூட்டை தூக்கப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பழக்குவதற்குத் திருச்சியிலிருந்து செல்லதுரை வந்தார். ராசாங்கத்தைவிட வயதில் இளையவர். சிரிக்கத் தெரியாதவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் வாத்தியார்.

டிரெய்லரை முன்னால் ஓட்டுவதில் வம்பில்லை. பின்னால் எடுப்பதில்தான் உயிர் போகும். பின்னால் கோத்த பெட்டி இடது பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். இது ராசாங்கத்தின் புத்திக்கு எட்டியது. கைக்கு எட்டவில்லை.

மச்சினன் வீட்டு மாட்டுவண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிப் பழகினான். அதிலும் இதே கணக்குத்தான். வண்டி போய் வைக்கோல்போரில் சாய்ந்தது.

"மாட்டுக்குப் பதிலா உங்களைப் பூட்டிட்டாங்களான்னு தெருவே கேக்குது" என்றாள் மனைவி அம்சவள்ளி.

செல்லதுரையோ அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முதலாளியிடம், "இந்த ஆளு தேறுறது கஷ்டம்ங்க" என்று சொல்லிவிட்டார்.

சோதனை நாள் வந்தது. குடோன் வாசலில், டிரைவர் பார்க்கிற வலது பக்கமாக நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்தார். இரண்டு தூணுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தூணில் உரசினால் வேலை போச்சு. வாத்தியார் எந்த உதவியும் செய்யக்கூடாது. வழக்கம்போலப் பின்னால் ஓர் ஆள் நின்று பெட்டியைத் தட்டலாம். இரண்டு தட்டு என்றால் வா, ஒரு தட்டு என்றால் நில்.

தட்டுவதற்கு நின்றவன் சவரிமுத்து. கம்பெனியில் மூட்டை தூக்குகிறவன், ராசாங்கத்தின் சிநேகிதன். பெட்டியின் இடது பின்மூலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

ராசாங்கம் வலது ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தான். இடது பக்கம் அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் சத்தம் காதுக்குப் பக்கத்தில் தட்டுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. தட் தட். வந்தான். தட். நின்றான். கொஞ்சம் முன்னால் போய், ஒடித்து, மறுபடி வந்தான். தட் தட். தட் தட். தட்.

இறங்கிப் பார்த்தால், தூணுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. முதலாளி தலையாட்டினார்.

ராசாங்கம் ஓடிப்போய்ச் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டான். ஜாங்கிரி வாங்கி வந்து எல்லாருக்கும் நீட்டினான். செல்லதுரை வலது கையைப் பேண்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இடது கையால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ராசாங்கத்துக்குச் சுருக்கென்றது. பண்ணைவீட்டில் அப்பாவுக்குக் கூலிநெல்லை எட்ட நின்று கொட்டுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன். பேண்ட் போட்ட ஆளும் இப்படித்தானா என்று நினைத்தான். சாயங்கால பஸ்ஸில் செல்லதுரை ஊருக்குப் போனபோது வழியனுப்பக்கூடப் போகவில்லை.

அதிலிருந்து சவரிமுத்துவுக்கு யோகம். ஞாயிறு கறி. தீபாவளிக்கு ஒரு வேட்டி, கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி.

"என் கை மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்கும் மூட்டைதான் மாப்ள" என்பான், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

ஒரே ஒரு சங்கடம். அந்த நாளுக்குப் பிறகு, பின்னால் தட்டியது ஒரு தடவைகூட ராசாங்கத்தின் காதில் விழுந்ததில்லை. கிளீனர்கள் முன்னால் ஓடிவந்து கத்தினால்தான் உண்டு. அன்றைக்கு வண்டி புதுசு, எஞ்சின் மெதுவாகப் பேசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அப்புறம் புது எஞ்சின்தானே அதிகமாகக் கத்தும் என்றும் தோன்றும். அத்தோடு புரண்டு படுத்துவிடுவான்.

பத்து வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் பெரம்பலூர் குடோனில் கிளீனர் வரவில்லை. சரக்கோடு வந்திருந்த சவரிமுத்துதான் பின்னால் நின்றான். ராசாங்கம் வண்டியைப் பின்னால் எடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டே வந்தான். பெட்டி சுவரில் இடித்து நின்றது.

சவரிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான். "ரெண்டு கையாலயும் தட்டுறேன். செவிடாடா நீ?"

"ஒண்ணும் கேக்கலையே."

"எப்புடிக் கேக்கும்? அங்க தட்டுனா இங்க கேக்குற வண்டியா இது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ராசாங்கம் எஞ்சினை நிறுத்தினான். சோதனை நாளன்று வண்டியின் இடது பக்கம் முழுவதையும் பார்த்தவன் இவன் ஒருவன்தான். முதலாளி கண்ணுக்கு மறைவாக, கேபினை ஒட்டி நின்று தட்டியது யார் என்பது இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்காமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். பிறகு இறங்கி வந்து கேட்டான்:

"சவரி, அன்னைக்கு வாத்தியாரு ஜாங்கிரியை இடது கையில எடுத்தாரே... அவரோட வலது கைக்கு என்னடா ஆச்சு?"