தனிக் கல்

மருமகள் யுவராணி நெய் தடவிய சப்பாத்தித் தட்டை வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாமியார் வெள்ளத்தாய் அந்தக் கையையே பார்த்தாள். விஷத்தைத் தொட்டவள்தானே இப்படிக் கழுவுவாள்?

ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு வந்த மறுநாள் தொடங்கிய உபசாரம் இது. "சுகருக்கு நல்லது அத்தே" என்று தினமும் சப்பாத்தி. இதோ, மூன்று மாதம் ஓடி, தீபாவளியே வந்துவிட்டது. எப்போதாவது வந்த வயிற்று உப்புசம் இப்போது தினமும் வருகிறது. பேதி வேறு. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது.

அந்த மகராசியோ ஒரு துண்டுகூட வாயில் வைக்கமாட்டாள். அவளுக்குத் தனித் தோசைக்கல், தனி எண்ணெய். கேட்டால் கோதுமை ஆகாதாம்.

பழிவாங்கக் காரணமும் இருந்தது. கல்யாணமான புதிதில் யுவராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதெல்லாம், "ஏட்டி, நடிக்காத, தின்னு" என்று பூரியும் ரவை உப்புமாவும் தின்ன வைத்தவள் வெள்ளத்தாய். மூன்று வருஷம். இரண்டு முறை கரு கலைந்தபோது, சொந்த அண்ணன் மகள் என்றும் பாராமல், "அவ ஆத்தா வழிச் சீக்கு" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கச் சொன்னவளும் அவள்தான்.

வெள்ளத்தாய் ஒரு சப்பாத்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள். போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு இன்று ரிப்போர்ட். கூட்டிவந்த யுவராணி வெளியே காத்திருக்க, ராஜபாளையத்து டாக்டர் மேஜையில் முடிச்சை அவிழ்த்துப் போட்டாள்.

"இதுல என்னத்தையோ கலந்து தாரா டாக்டரய்யா. என்னையக் கொல்லப் பாக்கா."

டாக்டர் சிரிக்கவில்லை. "எதுவும் கலக்கலம்மா. கோதுமையே உங்களுக்கு ஆகாது. சீலியாக்னு பேரு. உங்க அண்ணன் மகளுக்கு இருக்கிறதுதான் உங்களுக்கும். பரம்பரையா வரும். உங்க சோகையையும் வாய்ப்புண்ணையும் பார்த்துச் சந்தேகப்பட்டதே அவங்கதான்."

"பொறவு எதுக்கு அதையே போட்டா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் ரத்தத்துல தெரியும். ஆறு வாரம் கொடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். இன்னையோட நிறுத்திருங்க, சரியாயிரும்."

திரும்பும் பஸ்ஸில் வெள்ளத்தாய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேனே தாயி. மன்னிச்சிரு."

யுவராணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"டாக்டர் சொன்னது ஆறு வாரந்தான் அத்தே. மிச்ச ஆறு வாரம், அந்த மூணு வருசத்துக்கு."