பழைய சிஸ்டம்

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"ஏன் சார், நான் தொட்டா உங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகாதா?"

மனதில் பட்டதை அப்படியே கொட்டிவிடுகிற வாய் அந்த சர்வீஸ் பெண்ணுக்கு. பெரியவர் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

"இருந்த பழசையே போட்டுக் குடு. புதுசு எங்களுக்கு ஆகல."

"இருபது வருஷத்துக்கு முந்தின சிஸ்டம் சார். அதுல நெட்கூட ஒழுங்கா வராது."

"நெட்டு என்னிக்கு இருந்தது? எங்க மகளோட லெட்டர் வந்தாப் போதும்."

"நெட் இல்லாம லெட்டர் எப்படி வரும்?"

பெரியவர் மனைவி இருந்த சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

மகள் இறந்து மூன்று வருடம். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவள் போட்டு வைத்த தமிழ் எழுத்துரு பழைய சிஸ்டத்தில்தான் தெரியும். அவள் போன மறு வாரத்திலிருந்து தினமும் காலையில் கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கடிதம் இருக்கும். 'அப்பா, மாத்திரை போட்டீங்களா? அம்மா, முட்டி வலி பரவாயில்லையா?' அவர் வாசிப்பார், மனைவி கேட்பாள். அதற்குப் பிறகுதான் அடுப்பே பற்றும்.

"யார் சார் எழுதறது?"

"வேற யாரு, இவதான். மக இந்தப் பொட்டியிலதான் அவ அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தா. எனக்கு மௌஸை அமுக்கறதோட சரி. நான் கண்டுபிடிச்சதைக் காட்டிக்கல. போன வாரம் என் தம்பி மகன் புதுசை ஏத்திட்டுப் போனான். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது. எட்டு நாளா லெட்டர் இல்ல. இவ ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதும் இல்ல."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இருந்த கடிதங்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்தாள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அழித்தாள். மகள் வைத்துவிட்டுப் போன பழைய சிஸ்டம் சிடி கீறல் விழுந்து கிடந்தது. இரண்டு முறை பாதியில் நின்று, மூன்றாம் முறை ஏறியது. அந்த எழுத்துருவையும் கடிதங்களையும் திரும்பப் போட்டாள். கட்டங்கள் கலைந்து, தமிழ் வந்து நின்றது.

அவள் கிளம்பும்போது பெரியவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். சமையலறையிலிருந்து அம்மாவும் வாசலுக்கு வந்தாள். அந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான்.

எதையும் மூடி வைக்கத் தெரியாத வாய், கடைசியில் உளறிவிட்டது.

"இனிமே நீங்க எழுதலாம்மா. ஒரு தப்புகூட இல்லாம எவ்வளவு அழகா எழுதறீங்க."

அம்மா அவளையே பார்த்தாள்.

"நானா? எனக்கு என் பேரைக்கூட எழுத வராதே. மக ஆசையா சொல்லிக் குடுத்தாளேன்னு புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன், அவ்வளவுதான். எனக்காக இவர்தான் எழுதறார்னு நெனச்சு, தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டிருந்தேன்."

பெரியவரின் கை கேட்டிலிருந்து நழுவியது.

மூன்று பேரும் வாசலில் நின்றிருக்க, உள்ளறையில் யாரோ கீபோர்டில் வேகமாக அடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது.